நாலு கார்ட்ரிஜ்ஜிலும் கறுப்பு

1. ஊதா முகம்

“தங்கச்சி, இது என்ட மகள்ட முகமா எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

ஹனிபா நானா ஒரு படிவத்தை என் மேசையில் வைத்தார். அடையாள அட்டைக்கான விண்ணப்பம். எங்கள் ஊரில் அதை எல்லோரும் ஐசி என்றுதான் சொல்வோம். படிவத்தில் ஒட்டியிருந்த படத்தில் அவருடைய மகள் சபீனாவின் கன்னம் ஊதா நிறத்தில் பரவிக் கிடந்தது. தாடைக்குக் கீழே பச்சை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை. அந்தப் படத்தைப் பிடித்ததும் நான், பிரின்ட் போட்டதும் நான்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு வேலை. பெயர் யோகா. படம் பிடிப்பது பெண்ணாக இருந்தால் நல்லது என்று நினைக்கிற வீடுகளிலிருந்து, முக்கியமாகக் கிண்ணியாப் பக்கமிருந்து, பெண்கள் பாதையில், அதுதான் ஆட்களை ஏற்றுகிற மிதவைப் படகில், ஏறித் துறை கடந்து என்னிடம் வருவார்கள். ஹனிபா நானா குறிஞ்சாக்கேணியில் இருந்து மகளைக் கூட்டி வந்ததும் அதனால்தான்.

முதலாளி துரை அண்ணை அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் இருட்டறையைப் பூட்டியிருந்தார். கறுப்பு வெள்ளைக் கடதாசியும் அதைக் கழுவுகிற மருந்தும் கொழும்பிலிருந்து வருவது நின்றுபோயிற்று. வந்தாலும் சோதனைச்சாவடியில் மருந்தை விடமாட்டார்கள். அண்ணைக்கு அதில் துளியும் கவலை இல்லை. அந்த மருந்து பட்டுப்பட்டு அவருடைய விரல்கள் வருடக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தன. ஒரு இங்க்ஜெட் பிரின்டரை வாங்கி வைத்துவிட்டு, “இனி நான் மனுசன்” என்றார்.

ஆனால் ஐசி படம் கறுப்பு வெள்ளையில்தான் இருக்க வேண்டும். பிரின்டரில் இருந்ததோ சாய மை. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு கார்ட்ரிஜ். சாம்பல் நிறம் கேட்டால் மூன்று சாயத்தையும் கலந்து சாம்பல் மாதிரி ஒன்றைக் காட்டி ஏமாற்றும். விண்ணப்பம் வாங்குகிற அரசாங்கக் கந்தோரில் படத்தின் பின்னால் கோந்து பூசியதும் ஈரம் ஊறிச் சாயம் கரைந்து ஓடியிருக்கிறது. கொழும்பு திருப்பி அனுப்பிவிட்டது.

“இன்னொண்டு அடிச்சுத் தாறன் நானா” என்றேன்.

“அதையும் இப்பிடித்தான் அனுப்புவாங்க.” அவர் கதிரையில் உட்காரவில்லை. “புள்ளைக்கு ஆசிரியர் கலாசாலைக்கு நேர்முகப் பரீட்சை. ஐசி இல்லாம வரக்கூடா எண்டு கடிதத்தில இரிக்கி. ஐசி இல்லாட்டி பஸ்ஸில கந்தளாய் தாண்டவே ஏலா. சண்டைக்கு மூதூரில இருந்து ஓடி வரக்குள்ள அவட பழைய ஐசி போன பையோட போச்சு.”

சபீனா பின்னால் நின்றாள். பத்தொன்பது வயதிருக்கும். குறை சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. “மிஸ், இன்னும் ஆறு கிழமை இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

கணக்கு எனக்குத் தெரியும். விண்ணப்பங்களைக் கட்டாகக் கட்டிக் கந்தோரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கொழும்புக்குக் கொண்டு போவார்கள். அட்டை அடித்து வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள். ஆக எனக்கு இருந்தது மூன்று வெள்ளிக்கிழமை. ஊரில் மற்ற ஸ்டூடியோக்களிலும் இதே சாய மைதான். என் கையால் கெட்டதை நானே திருத்தியாக வேண்டும்.

2. கண்மைப் புத்தி

ஒரு பழைய ஆங்கிலக் கமரா சஞ்சிகையில் கார்பன் மையைப் பற்றி இரண்டு பக்கம் படித்திருந்தேன். அதை அலுமாரியில் தேடி எடுத்தேன். சாயமே இல்லாத மை. வெறும் கரித்தூள், மிக நுண்ணியதாக அரைத்தது. தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது. நாலு கார்ட்ரிஜ்ஜிலும் கறுப்பையே நிரப்பவேண்டும். ஒன்றில் முழுக் கறுப்பு, மற்ற மூன்றிலும் நீர்த்து எடுத்த மூன்று சாம்பல். பிரின்டர் தான் கலர் அடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். கடதாசியில் விழுவது கரி மட்டும். படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

இந்த இடத்தில்தான் என் மூளை ஒரு வேலை செய்தது. கரித்தூள் என்றால் என்ன? புகைக்கரி. புகைக்கரி எடுக்கத் தெரியாத பெண் எங்கள் ஊரில் உண்டா? விளக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்கு எத்தனை தரம் கரி எடுத்திருக்கிறேன். எடுத்தேன். வேலம் பிசின் கரைத்து அதில் குழைத்தேன். மல்லுத் துணியில் மூன்று தரம் வடித்தேன். பார்க்க அசல் மைதான். ஊசி ஒன்றால் கறுப்புக் கார்ட்ரிஜ்ஜில் ஏற்றி, சபீனாவின் படத்தை அனுப்பினேன்.

நெற்றி வரைக்கும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நெற்றி அழகாக இருந்தது. புருவத்தில் கோடு கோடாக உடைந்தது. மூக்குக்கு வரும்போது வெறும் வெள்ளை. கண்மைக்கு நுணுக்கமான கரி, மை துப்புகிற, தலைமயிரை விட மெல்லிய நொசில் துளைக்குப் பாறாங்கல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு தரம் ஹெட் கிளீனிங் போட்டேன். ஒவ்வொரு தரமும் இன்னும் இறுக அடைத்தது.

துரை அண்ணை வந்து பார்த்தார்.

“யோகா, என்னத்தை ஊத்தினனி?”

“கண்மை அண்ணை.”

அவர் பிரின்டரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு, “பொட்டும் வைச்சு விட்டிருக்கலாமே” என்றார். மூன்று கலியாண வீட்டு அல்பம் அடிக்கக் கிடந்தது. அன்று பின்னேரமே தெரிந்தவரிடம் வேறொரு பிரின்டர் வாங்கி வந்து வைத்தார். “இதைத் தொட்டியெண்டா எனக்குக் கோவம் வரும். செத்ததை நீ வைச்சு விளையாடு.”

செத்ததை வைத்து விளையாடினேன். ஹெட்டைக் கழற்றி, பெட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை இளஞ்சூடாக்கி அதில் ஊறப்போட்டேன். மருந்துக் கடையில் சேலைன் குழாயும் ஊசியும் வாங்கி, நொசில்களுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தண்ணீரைத் தள்ளினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒரு பக்கத்தில் கறுப்பாகக் கசிந்தது. மூன்றாம் நாள் டெஸ்ட் பிரின்டில் ஒரு கோடும் உடையாமல் வந்தது. அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரருக்குக் கூடக் காட்டினேன். “கோடு நல்லா இருக்குப் பிள்ளை” என்றார், பாவம்.

முதல் வெள்ளிக்கிழமை அப்படியே போயிற்று. ஆனால் என்னிடம் இப்போது எனக்கென்று ஒரு பிரின்டர் இருந்தது. அதில் எதை நிரப்பினாலும் யாரும் என்னை ஏசமாட்டார்கள்.

3. அண்ணையின் மீசை

அண்ணை கலர் பேப்பர் வாங்கக் கொழும்புக்குப் போகிறவர். மையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். “உன்ர கண்மையை விட நல்லதா?” என்று கேட்டாலும் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தவரைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நரைத்த மீசையில் ஒரு பாதி கன்னங்கரேல் என்றிருந்தது.

“சிரிக்காதை. உன்ர கறுமத்தால வந்தது” என்றார்.

நடந்தது இதுதான். வரும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அண்ணையின் பையில் லேபல் இல்லாத நாலு போத்தல் கறுப்புத் தண்ணீர், கூட ஒரு சின்னப் போத்தல். இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். “தீந்த, தீந்த” என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை. போத்தல்களை வரிசையாக மணல் மூட்டையின் மேல் வைத்துவிட்டு, தள்ளி நிற்கச் சொன்னார்களாம். பஸ்ஸில் வந்தவர்களும் அண்ணையை விட்டுத் தள்ளிப் போனார்களாம்.

“அப்ப என்ன செய்தனீங்க?”

“என்ன செய்யிறது? ஒரு போத்தலைத் திறந்து விரலை விட்டு, மீசையில பூசிக் காட்டினன். வெடிக்கிற சாமானை ஆரும் மீசையில பூசுவானே? அவங்கள் சிரிச்சாங்கள். விட்டுட்டாங்கள்.” அண்ணை கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். “சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுப் பாத்திட்டன். சம்போ போட்டுப் பாத்திட்டன். போகுதில்லை.”

“கழுவியும் போகேல்லையா அண்ணை?”

“அதைத்தானே சொல்லுறன்.”

எனக்கு வந்த சந்தோசத்தை அவருக்கு முன்னால் மறைக்க முடியவில்லை. அவர் மீசை போன கவலையில் இருக்க, நான் கைதட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன். சஞ்சிகைக்காரன் சொன்னது மெய். இந்த மை ஈரத்துக்கு அசையாது.

4. எந்தக் கறுப்பு

இளையவர்களுக்குச் சொல்கிறேன், நிரப்பினால் வந்துவிடாது. பிரின்டருக்கு நீங்கள் மையை மாற்றியது தெரியாது. மஞ்சள் என்று நினைத்து அது துப்புகிற இடத்தில் எல்லாம் சாம்பல் விழும். என் முதல் பிரின்டில் சபீனாவின் நெற்றி கருகியிருந்தது, கறுப்பு முக்காடு வெளுத்திருந்தது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்கும் இருபது கட்டம் போட்ட ஒரு துண்டை அடித்து, எந்தக் கட்டம் எங்கே தடுக்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் எந்த நிழலுக்கு எவ்வளவு மை என்று சொல்கிற வளைவைத் திருத்தினேன். தோசைக்கல்லுக்குச் சூடு பிடிக்கிற மாதிரித்தான் அது. முதல் கொஞ்சம் வீணாகத்தான் போகும். போத்தல்களைக் குலுக்காமல் நிரப்பினால் கரி அடியில் தங்கிவிடும் என்பதும் நாலு தாள் வீணான பிறகு பிடிபட்டது. மினுங்குகிற கடதாசியில் மை ஒட்டாமல் விரலோடு வந்தது. மேட் பேப்பருக்கு மாறினேன்.

புதன்கிழமை காலை அது வந்தது. கன்னத்து வெளிச்சத்திலிருந்து கழுத்து நிழல் வரைக்கும் ஒரு இடத்திலும் தடக்காமல் வழுக்கிக்கொண்டு போன ஒரு முகம். இருட்டறையில் அண்ணை அடித்த படங்களிலும் நான் அப்படி ஒரு நிழலைப் பார்த்ததில்லை. நான் தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன். துரை அண்ணை வந்து பார்த்து, “உது எங்கட பிரின்டரே?” என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

படத்தை எடுத்துக்கொண்டு நேரே கந்தோருக்குப் போனேன். அங்கே விண்ணப்பங்களைப் பார்க்கிறவர் நடராசா கிளாக்கர். மெலிந்த மனிதர், எதையும் இரண்டு தரம் பார்க்கிறவர். கொழும்பிலிருந்து திரும்பி வருகிற ஒவ்வொரு படிவத்துக்கும் அவர்தான் விளக்கம் எழுதவேண்டும். அதனால் சபீனாவின் ஊதா முகம் திரும்பி வந்த பிறகு, பெருவிரலை ஈரப் பஞ்சில் தொட்டு, படத்தில் ஒரு தேய் தேய்ப்பார். சாயம் வந்தால் படம் திரும்பிவிடும். என் படத்தைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

“வரேல்லை” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு பக்கத்து ஜன்னலுக்குக் கிட்ட படத்தைப் பிடித்தார். “ஆனா பிள்ளை, இது மண்ணிறம்.”

“கரி ஐயா. கரியை விடக் கறுப்பு என்ன இருக்கு?”

“நான் கரியைப் பற்றிக் கதைக்கேல்லை. கறுப்பு வெள்ளை எண்டு படிவத்தில கிடக்கு. இது பழங்காலத்துப் படம் மாதிரி இருக்கு. திருப்புவாங்கள்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. கரித்தூள் நுணுக நுணுக இயல்பிலேயே மண்ணிறம் காட்டும். அதைத் திருத்தத்தான் கொழும்பு மைக்கடைக்காரர் அண்ணையிடம் அந்தச் சின்னப் போத்தலைத் தந்திருக்கிறார். உள்ளே கரையாத நீலத் தூள் மை. சாம்பல் கார்ட்ரிஜ்களில் துளித்துளியாக விட்டால் மண்ணிறம் நேராகும். ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து, டியூப் லைட்டின் கீழ் துளித்துளியாக விட்டுப் பார்த்தேன். ஏழாவது துளியில் அசல் கறுப்பு வெள்ளை. வெள்ளிக்கிழமை காலை கொண்டுபோய் நீட்டினேன்.

கிளாக்கர் ஜன்னல் பக்கம் பிடித்தார். “இப்ப பச்சை.”

நான் எட்டிப் பார்த்தேன். பச்சைதான். பாசி பிடித்தது போல. என் ஸ்டூடியோவில் கறுப்பாக இருந்த அதே படம்.

இரண்டாவது வெள்ளியும் போயிற்று. வெளியே வந்து மதிலோரம் நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. இது பிழையாகப் போனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை கெடுகிறது, கெடுக்கிறது என்னுடைய நீலத் துளி.

5. கிளாக்கரின் ஜன்னல்

அழுது முடிந்த பிறகுதான் புத்தி வந்தது. படம் மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது. நான் டியூப் லைட்டுக்குப் படம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலுக்குப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளி, கடைசி வெள்ளி, கந்தோர் திறந்ததும் போய் நின்றேன். கையில் பதினொரு படம். நீலம் விடாதது ஒன்று, பிறகு ஒரு துளியிலிருந்து பத்துத் துளி வரைக்கும். பின்னால் எத்தனை துளி என்று இலக்கம் எழுதியிருந்தேன். எல்லாவற்றிலும் சபீனா.

“ஐயா, எனக்கு உங்கட ஜன்னலடியில பத்து நிமிசம் நிக்கவேணும்.”

“வெளி ஆக்கள் உள்ளுக்கு வர ஏலாது பிள்ளை.”

“அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. எது கறுப்பு எண்டு உங்கட கண்தான் சொல்லவேணும். என்ர கண் அங்கை ஸ்டூடியோ லைட்டில பிழை விடுது.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த கோப்புகளை ஒதுக்கி, பதினொன்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக அடுக்கினார். ஒரு பழைய விண்ணப்பத்தை எடுத்து, அதில் இருந்த இருட்டறைப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒன்றை எடுப்பார், வைப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். வரிசையில் நின்ற சனம் முறுமுறுத்தது. அவர் கவனிக்கவில்லை. அந்த மனிதருக்கும் ஆசை பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

“மூண்டு கொஞ்சம் மண். அஞ்சு பச்சைக்குப் போகுது.” நாலாம் இலக்கத்தை எடுத்து நீட்டினார். “இது.”

“அப்ப இதையே ஒட்டலாமா?”

“ஒட்டலாம். ஆனா இதென்ன?” மூக்குக்குக் குறுக்கே மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு. அது துறைமுகப் பக்கத்திலிருந்து ஆமிக்காரர் பல்குழல் பீரங்கி அடித்தபோது மேசை ஆடி, ஹெட் தடுமாறியதால் விழுந்தது. அந்தக் காலத்தில் எங்கள் படங்களில் இப்படி வருவது வழக்கம். “பன்னிரண்டு மணிக்குக் கட்டுக் கட்டுவம்” என்றார் கிளாக்கர்.

மணி பத்தேகால். சைக்கிளில் பறந்தேன். நாலு துளிக்கு மையைக் கலந்து, குலுக்கி நிரப்பி, நொசில் பார்த்து முடிக்கப் பதினொன்றே கால். படத்தை அனுப்பின உடனே வெளியே பல்குழல் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. முதல் தாளில் கோடு. இரண்டாவதில் கோடு. துரை அண்ணை கலர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, பிரின்டர் மேசையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

“யோகா, விட்டு விட்டுத்தான் அடிக்கிறாங்கள். ஒரு தரம் அடிச்சு முடிஞ்சா திரும்பக் குண்டு நிரப்ப நேரம் எடுக்கும். முடிஞ்ச உடன விடு.”

சத்தம் ஓய்ந்தது. பட்டனை அழுத்தினேன். ஹெட் போய் வந்து, போய் வந்து, ஒரு முகத்தைக் கீற்றுக் கீற்றாக இறக்கியது. நெற்றி. புருவம். நான் மூச்சு விடவில்லை, அண்ணை மேசையை விடவில்லை. மூக்கு. உதடு. கழுத்து. தாள் வெளியே விழவும் அடுத்த தொகுதி தொடங்கவும் சரியாக இருந்தது. கோடு இல்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, நடராசா கிளாக்கர் ஈர விரலால் தேய்த்து, ஜன்னலில் பிடித்து, கோந்துப் போத்தலை எடுத்தார். ஒட்டிய பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊதா வரவில்லை.

6. வெளியே நின்றவர்கள்

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்க அட்டை வந்தது. சபீனா அதை ஒரு சின்ன பொலித்தீனில் போட்டுக்கொண்டு, வாப்பாவோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக, நடுவில் அத்தனை சாம்பலோடும் அவள்தான்.

“சந்தோசமா புள்ள?” என்று கேட்டேன். “ஓம் மிஸ்” என்றவள், எதையோ சொல்லத் தயங்கி வாப்பாவைப் பார்த்தாள்.

“தங்கச்சி,” என்றார் ஹனிபா நானா, “வெளிய ஆக்கள் நிக்காங்க. கொஞ்சம் வந்து பாக்க ஏலுமா?”

வாசலுக்குப் போனேன். தெருவோரம் மதிலை ஒட்டிப் பதினாறு பேர். முதியவர்கள், இளம் பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி.

“இவங்க எல்லாம் அண்டைக்கு மூதூரில இருந்து எங்களோட ஓடி வந்தவங்க. ஒருத்தர்கிட்டயும் ஐசி இல்ல. விண்ணப்பம் திரும்பி வந்தா ஜி.எஸ். எண்ட கிராம சேவகர், பொலிஸ், விசாரணை எல்லாம் திரும்ப முதல்ல இருந்து. அதால பயம். முதல்ல ஒரு ஆளை அனுப்பிப் பாப்பம், அவட படம் தேறினா மத்தவங்க போவம் எண்டு பேசி வெச்சிருந்தம். இவட பரீட்சை அவசரம், அதால இவ முதல்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இவங்க அஞ்சு மாசமா குறிஞ்சாக்கேணியை விட்டு வெளிக்கிடல்ல தங்கச்சி. இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சாவடி தாண்ட ஜி.எஸ். கடிதம் குடுத்தாரு.”

கண்மையைக் கரைத்து விளையாடிய கிழமை ஒவ்வொரு நாளும் இந்தப் பதினாறு பேரும் வீட்டுக்குள் இருந்து என்னுடைய பிரின்டுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒருவர் கூட வந்து அவசரப்படுத்தவில்லை. தெரிந்திருந்தால் பல்குழலுக்கு முன்னால் என் கைதான் மேசையை ஆட்டியிருக்கும்.

துரை அண்ணை என் பின்னால் வந்து நின்று எண்ணினார். பிறகு என்னிடம், “மை கிடக்கே?” என்று கேட்டார்.

“கிடக்கு அண்ணை.”

“அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், உள்ளுக்குக் கூப்பிடு.”

முதலில் வந்து கதிரையில் இருந்தது சபீனாவின் உம்மா. அவருக்கும் அட்டை இல்லை என்று எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கமராவை நேரே பார்த்தார். நான் ஃபோகஸ் பண்ணும்போது எனக்குக் கண் கலங்கியிருந்ததால் இரண்டு தரம் தவறிப்போயிற்று.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வளைவைப் பற்றிக் கேட்பார்கள், மையைப் பற்றிக் கேட்பார்கள். எல்லாம் சொல்லித் தருவேன். ஆனால் ஒரு படத்தைக் கையில் எடுத்து இது போதும் என்று சொல்வதற்கு முன், அது எந்த ஜன்னலில் பார்க்கப்படப் போகிறது என்று போய்ப் பாருங்கள். அதில் ஒரு முகம்தான் தெரியும்; பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது சொல்லாது. அன்று பின்னேரம் கடைசிப் பாதை போவதற்குள் பதினாறு பேரையும் படம் பிடித்து முடித்தோம், அடுத்த வெள்ளிக் கட்டில் பதினாறும் போயிற்று, ஒன்றும் திரும்பி வரவில்லை.